பேயாக வந்த பெண்கள்: அமெரிக்கப் பேய்க் கதைகளை வரலாறாகப் படிக்க ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் சேலம், சவானா, நியூ ஆர்லியன்ஸ் மாதிரியான பழைய ஊர்களில் இருட்டியதும் ஒரு வியாபாரம் தொடங்கும். வழிகாட்டி ஒருவர் லாந்தர் விளக்கோடு முன்னே நடப்பார். டிக்கெட் வாங்கிய பத்திருபது பேர் பின்னே போவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கதை. கணவன் கொன்ற மனைவி, காதலன் கைவிட்ட பெண், எஜமானியைப் பழிவாங்கிய அடிமைப் பெண், பித்துப் பிடித்த பணக்கார விதவை என்று அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருபவள் பெண்தான்.

பேய் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். வரலாறு படிப்பவருக்கு அதில் வேலை இல்லை. பெண் பேய்க் கதை ஒவ்வொன்றிலும் இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தப் பெண் வாழ்ந்த காலம் ஒன்று. கதை கட்டப்பட்ட காலம் இன்னொன்று. முதலாவதைப் பற்றிக் கதை சொல்வதில் நிறையத் தவறு இருக்கும். ஆனால் எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து தவறுகிறது என்று பார்த்தால், அந்தச் சமூகம் பெண்களின் எந்தப் பேச்சைக் கேட்க மறுத்தது, யாருடைய பாவத்தைக் கொண்டுபோய் அவர்கள் தலையில் கட்டியது என்பது தெரியவரும். கதையையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் உள்ள இடைவெளியைப் படிப்பதுதான் முறை.

சாட்சிக் கூண்டில் பேய்

சேலத்தில் இருந்து தொடங்குவது நல்லது. அங்கே பேய் சட்டப்படியான சாட்சியாகவே இருந்தது. 1692-ல் மாசசூசெட்ஸ் காலனியில் நடந்த சூனிய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் உருவம் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, வந்து கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டது. இறந்தவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். முன்னாள் போதகர் ஜார்ஜ் பரோஸ் மீதான வழக்கில், சுமார் 12 வயதுச் சிறுமியான ஆன் புட்னம், பரோஸின் இறந்துபோன மனைவியர் இருவரும் பிணத்துணி சுற்றியபடி வந்து, கணவனே தங்களைக் கொன்றதாகச் சொன்னார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தாள். பரோஸ் அந்த ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார். மொத்தம் 19 பேர் தூக்கில் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் மேலே கற்களை அடுக்கி நசுக்கப்பட்டு இறந்தார்.

இன்றைக்குச் சேலம் விற்கும் பேய்கள் தூக்கிலிடப்பட்ட அந்தப் பெண்களுடையவை. 1692-ல் நிலைமை தலைகீழ்: பேய்கள் அரசுத் தரப்பில் நின்றன. வேறு எந்த விஷயத்திலும் பெரியவர்கள் காது கொடுக்காத ஒரு சிறுமியின் பேச்சு, இறந்தவர் சொன்னார் என்றவுடன் ஒரு போதகரின் உயிரை எடுக்கும் அளவுக்குக் கனம் பெற்றது. அந்த அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் பேய்ச் சாட்சியை ஒதுக்கிவைத்தது. ஒதுக்கியதும் வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

நூறாண்டு தள்ளி நியூயார்க்குக்கு வந்தால் நேர் எதிரான சிக்கல். 1799 டிசம்பர் 22 மாலை, எல்மா சாண்ட்ஸ் என்ற இளம்பெண் தன் உறவினர் கேத்தரின் ரிங் நடத்திய விடுதியிலிருந்து வெளியே போனார். அன்றிரவு அதே விடுதியில் தங்கியிருந்த தச்சர் லெவி வீக்ஸை ரகசியமாக மணக்கப் போவதாக கேத்தரினிடம் சொல்லியிருந்தார். ஜனவரி 2 அன்று மன்ஹாட்டன் கம்பெனியின் கிணற்றில் உடல் கிடைத்தது. வீக்ஸுக்காக வாதாடியவர்களில் அன்றைய அரசியல் பிரபலங்களான அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் இருந்தார்கள். (நான்கு ஆண்டு கழித்து பர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றார். அந்தக் கிணறும் பர் தொடங்கிய கம்பெனிக்குச் சொந்தமானதுதான்.) எல்மா தன்னிடம் சொன்னதை கேத்தரின் கூற முற்பட்டபோது, இறந்தவர் சொல்லக் கேட்டது சாட்சியாகாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. எல்மாவின் ஒழுக்கத்தைப் பற்றிப் பிறர் பேசத் தடை இருக்கவில்லை. வீக்ஸின் தரப்பு அதைத் தாராளமாகப் பேசியது. ஜூரி ஐந்தே நிமிடத்தில் வீக்ஸை விடுவித்தது. அன்றிலிருந்து ஸ்பிரிங் தெருவில் எல்மா உலவுவதாகக் கதை. கிணறு இன்றும் 129-ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. இந்தக் கதையை எடைபோட நல்ல வசதி ஒன்று உண்டு: அமெரிக்காவில் விசாரணையின் முழுப் பதிவு மிஞ்சியிருக்கும் முதல் கொலை வழக்கு என்று இதைச் சொல்வார்கள். யார் பேசினார்கள், யாருடைய பேச்சு தடுக்கப்பட்டது என்பதை அதிலேயே வரிவரியாகப் பார்க்கலாம்.

அடுத்தது மேற்கு விர்ஜீனியாவின் கிரீன்பிரையர் மாவட்டம். ஸோனா ஹீஸ்டர் 1896 அக்டோபரில் எட்வர்ட் ஷூ என்ற கொல்லரை மணந்தார். 1897 ஜனவரி 23 அன்று வீட்டுக்குள் இறந்து கிடந்தார். மருத்துவர் வருவதற்குள் கணவனே உடலைக் கழுவி, கழுத்தை மூடும் உயரமான காலர் வைத்த உடையை உடுத்திவிட்டிருந்தான். மருத்துவர் கழுத்துப் பக்கம் போனபோது அவன் கொதித்துப் போக, பரிசோதனை பாதியில் நின்றது. மரணத்துக்குக் காரணமாக முதலில் மயக்கம் என்றும் பிறகு பிரசவம் தொடர்பானது என்றும் எழுதப்பட்டது. தாய் மேரி ஜேன் ஹீஸ்டருக்கு மருமகன் மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். சில வாரங்கள் கழித்து, மகள் நான்கு இரவுகள் தன்னிடம் வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சி சமைக்கவில்லை என்ற கோபத்தில் அவன் தன் கழுத்தை முறித்ததாகச் சொன்னாள் என்று அரசு வழக்கறிஞர் ஜான் பிரெஸ்டனிடம் போய் நின்றார். பிப்ரவரி 22 அன்று உடல் தோண்டி எடுக்கப்பட்டது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது, மூச்சுக்குழல் நசுங்கியிருந்தது. அந்தக் கோடையில் ஷூவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1900-ல் சிறையிலேயே இறந்தான்.

பேயின் சாட்சியத்தால் கொலைகாரன் தண்டிக்கப்பட்ட ஒரே வழக்கு என்று மாநில அரசு அங்கே ஒரு பலகையே வைத்திருக்கிறது. பலகை சொல்வது அழகாக இருக்கிறது. வழக்கு நடந்த விதம் கொஞ்சம் வேறு. அரசு வழக்கறிஞர் பேயைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாயைக் கிறுக்குப் பிடித்தவராகக் காட்ட நினைத்து, குறுக்கு விசாரணையில் அந்தப் பேச்சை எடுத்தது ஷூவின் வக்கீல்தான். மேரி ஜேன் சொன்னதிலிருந்து ஓர் இம்மியும் நகரவில்லை. அது கனவு என்று ஒப்புக்கொள்ளவுமில்லை. ஷூவை வீழ்த்தியவை முறிந்த எலும்பும், உடலைத் தொடவிடாமல் அவன் நடந்துகொண்ட விதமும், முந்தைய மனைவியரிடம் அவன் நடந்துகொண்டதைப் பற்றிய பேச்சும். ஒருத்தி விவாகரத்து செய்திருந்தாள். இன்னொருத்தி திருமணமாகிக் கொஞ்ச காலத்தில் இறந்திருந்தாள்.

அப்படியானால் பேய் செய்தது என்ன? ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட்டு முடித்த மரணத்தை மறுபடி திறக்க வைத்தது. தாயின் சந்தேகத்துக்கு அதிகாரிகளிடம் மதிப்பில்லை. ஜூரியில் பெண்கள் கிடையாது. மேற்கு விர்ஜீனியாவில் பெண்கள் ஜூரியில் உட்கார 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாய் சொன்னால் புலம்பல், இறந்த மகள் சொன்னால் செய்தி. ஸோனாவின் மரணச் செய்தி வந்த அதே உள்ளூர்ப் பத்திரிகை இதழில், ஆஸ்திரேலியாவில் பேயால் துப்புத் துலங்கிய ஒரு கொலையின் கதையும் வந்திருந்ததைப் பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். மேரி ஜேன் அதைப் படித்தாரா என்பதற்குச் சான்றில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. படித்திருந்தால், தன் பேச்சு எந்த வடிவத்தில் போனால் எடுபடும் என்று அறிந்த ஒரு புத்திசாலிப் பெண்ணைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஆவணங்களில் பெண் ஏன் கிடைப்பதில்லை

கதையை ஆவணத்தோடு ஒப்பிடுவது என்று சொல்வது எளிது. உட்கார்ந்து தேடும்போதுதான் பெண்ணின் பெயரே இருக்காது. அதற்குக் குறிப்பான காரணங்கள் உண்டு. தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

கூட்டாட்சி அரசு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 1840 வரை எழுதப்பட்டது வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும். மனைவி, மகள், தங்கை எல்லோரும் வயதுவாரியாகப் பிரித்த கட்டங்களில் வெறும் எண்கள். சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் 1850-ல்தான் எழுதப்பட்டது; வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-ல்தான் சேர்ந்தது. அடிமைகளுக்கு 1850, 1860 ஆண்டுகளில் தனிப் பட்டியல்: உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம். பெயர் அநேகமாக இருக்காது. ஆகவே கறுப்பினப் பெண் ஒருத்தியின் பெயரைக் கணக்கெடுப்பில் தேடுபவர் பெரும்பாலும் 1870-இல் தொடங்க வேண்டியிருக்கும். 1890 கணக்கெடுப்போ 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சிதைந்து, கிட்டத்தட்ட முழுவதும் இல்லாமல் போனது. 1880-களில் மணமாகி 1890-களில் இறந்த பெண் நடுவில் காணாமல் போவதற்கு அந்தத் தீயே காரணம்; மர்மம் எதுவுமில்லை.

இரண்டாவது தடை திருமணச் சட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்குச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பு கிடையாது. அவள் சொத்தும் சம்பாத்தியமும் கணவனுடையவை. அவள் பேரில் ஒப்பந்தம் எழுத முடியாது. மிசிசிப்பி 1839-லும் நியூயார்க் 1848-லும் இதைத் தளர்த்தத் தொடங்கின. மற்ற மாநிலங்கள் மெல்ல மெல்ல வந்தன. அதுவரை சட்டத்தின் கண்ணில் முழு ஆளாக இருந்த பெண்கள் மணமாகாதவர்களும் விதவைகளும்தான். கையில் பணமும் கையெழுத்துப் போடும் உரிமையும் இருந்த பெண்கள் அவர்கள். பேய்க் கதைகளில் முதிர்கன்னியும் பணக்கார விதவையும் எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

துப்பாக்கிக் கம்பெனியின் விதவை

அந்தப் பணக்கார விதவைக் கதைகளில் புகழ் பெற்றது கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள வின்செஸ்டர் வீடு. கதை இப்படிப் போகும். வின்செஸ்டர் துப்பாக்கி முதலாளியின் மனைவி சாரா, குழந்தையையும் கணவனையும் இழக்கிறாள். பாஸ்டனில் ஆவிகளோடு பேசும் ஒருவர், அந்தத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகள் உன்னைத் துரத்துகின்றன, மேற்கே போய் வீடு கட்டு, கட்டுவதை நிறுத்தினால் சாவாய் என்கிறார். சாரா 38 ஆண்டுகள் இரவும் பகலும் நிறுத்தாமல் கட்டுகிறாள். ஆவிகளைக் குழப்ப, கூரையில் முட்டும் படிக்கட்டுகள், வெட்டவெளியில் திறக்கும் கதவுகள்.

ஆவணங்கள் சொல்வது: மகள் ஆனி 1866-ல் பிறந்து சில வாரங்களில் இறந்தாள். கணவர் வில்லியம் 1881-ல் காசநோயால் இறந்தார். சாரா 1886-ல் எட்டு அறைகள் கொண்ட, கட்டி முடியாத ஒரு பண்ணை வீட்டை வாங்கி விரிவுபடுத்தத் தொடங்கினார். பாஸ்டன் சந்திப்புக்கு ஒரு சான்றும் இல்லை. வேலை நிற்கவே இல்லை என்பதும் பொய். ஆட்களை அனுப்பிவிட்டு ஓய்வெடுத்ததை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். 1906 நிலநடுக்கத்தில் வீட்டின் ஏழு மாடிக் கோபுரம் சரிந்தது. இடிந்த பகுதிகளை அவர் திரும்பக் கட்டாமல் அப்படியே அடைத்துவிட்டார். எங்கும் போகாத படிகளுக்கும் வெளியே திறக்கும் கதவுகளுக்கும் பெரும்பகுதி விளக்கம் இதிலேயே வந்துவிடுகிறது. கடைசி ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் வேறு வீடுகளில் வசித்தார்.

ஆவிகளை ஏமாற்றக் கட்டியதாகச் சொல்லும் ஒரு படிக்கட்டு அங்கே உண்டு. 44 படிகள், ஏழு திருப்பங்கள். ஏறுவதோ சுமார் 9 அடிதான். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 2 அங்குல உயரம். சாராவுக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்தது. கால் தூக்க முடியாதவருக்கு ஏற்ற படி அது. செடிகள் வைக்கும் அறையில், ஊற்றிய நீர் தரைப்பலகைக்குக் கீழே துத்தநாகத் தளத்தில் வடிந்து தோட்டத்துக்குப் போகும் ஏற்பாடு. லிஃப்ட், வெந்நீர்க் குழாய், எரிவாயு விளக்கு என்று அந்தக் காலத்துப் புதுமைகள் அத்தனையும். கட்டடக் கலை படிக்காத ஒரு பெண், கேட்க யாரும் இல்லாத பணத்தோடு, தன் மனம்போல வரைந்து, பிடிக்காததை இடித்து, மறுபடி கட்டிய வீடு என்று பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். அதே பொழுதுபோக்கு பணக்கார ஆணுக்கு இருந்தால் அதற்குப் பெயர் ரசனை.

கதை எப்போது கெட்டியானது என்பதும் முக்கியம். 1890-களிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகள் வம்பு பேசத் தொடங்கிவிட்டன. யாரையும் வீட்டுக்குள் சேர்க்காத விதவை என்றால் சும்மா விடுவார்களா. அவர் 1922 செப்டம்பரில் இறந்தார். 1923-லேயே வீடு டிக்கெட் போட்டுக் காட்டும் இடமானது. இன்றைக்கு 160 அறை, 2,000 கதவு, 10,000 ஜன்னல் கண்ணாடி என்று எண்ணிச் சொல்வது அந்த வியாபாரத்தின் பாணி.

இந்தக் கதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்குப் பகுதியை வென்ற துப்பாக்கி என்று கம்பெனி பெருமையாக விளம்பரம் செய்த ஆயுதம் அது. அந்த வெற்றியில் செத்தவர்களில் பூர்வகுடி மக்கள் ஏராளம். கம்பெனியை உருவாக்கிய மாமனார் ஆலிவர் வின்செஸ்டரையோ, அதை நடத்திய ஆண்களையோ எந்த ஆவியும் துரத்தியதாகக் கதை இல்லை. துப்பாக்கி செய்யாத, விற்காத ஒரே ஆள், லாபத்தில் பங்கு பெற்ற விதவை. நாட்டின் குற்றவுணர்வு முழுவதும் அவர் வீட்டுக்குள் குடிவைக்கப்பட்டது. காசநோய் மருத்துவமனைக்குக் கணவர் பெயரில் பெருந்தொகை கொடுத்தவர் அவர் என்பது சுற்றுலாவில் ஓரமாகத்தான் வரும்.

பண்ணை வீட்டுப் பேய்கள்

தெற்கு மாநிலங்களின் கதைகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். லூசியானாவின் செயின்ட் ஃபிரான்சிஸ்வில்லில் மிர்ட்டில்ஸ் என்ற பண்ணை வீடு, 1796-ல் கட்டப்பட்டது. அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் பேய் குளோயி என்ற அடிமைப் பெண். எஜமானன் கிளார்க் உட்ரஃப் அவளை வைத்துக்கொண்டிருந்தான். ஒட்டுக்கேட்டதற்காக அவள் காதை அறுத்தான். அதை மறைக்க அவள் பச்சைத் தலைப்பாகை கட்டினாள். மறுபடி அவன் தயவைப் பெற, அரளி இலை கலந்த கேக்கைச் செய்தாள். எஜமானி சாராவும் இரண்டு மகள்களும் செத்தார்கள். சக அடிமைகளே அவளைத் தூக்கிலிட்டு மிசிசிப்பி ஆற்றில் போட்டார்கள். இதுதான் கதை.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். சாரா உட்ரஃப் இறந்தது 1823. இறந்த குழந்தைகள் இருவரும் 1824-ல். ஒரே கேக்கில் மூவர் சாக வழியே இல்லை. அந்த இருவரில் ஒன்று ஆண் குழந்தை. காரணம், அந்தப் பகுதியை வாட்டிய மஞ்சள் காய்ச்சல். குளோயி என்ற பெயரில் அந்தக் குடும்பத்துக்கு அடிமை இருந்ததாக எந்தப் பட்டியலிலும் இல்லை. பத்துக் கொலைகள் நடந்த வீடு என்பார்கள். உறுதியாவது ஒன்றே ஒன்று, 1871-ல் சுடப்பட்ட வில்லியம் வின்டர்.

பொய் என்று நிரூபித்ததும் நிறுத்திவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கேட்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது. எஜமானன் அடிமைப் பெண்ணைப் பலவந்தம் செய்வது அன்றைய அன்றாடம். 1662-ல் விர்ஜீனியா இயற்றிய சட்டம், குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. எஜமானன் பெற்ற பிள்ளையும் அவன் சொத்தானது. மற்ற காலனிகளிலும் அதே விதி பரவியது. குளோயி கதை இந்த உண்மையைத் தொட்டு, உடனே திருப்பிப் போடுகிறது. பலவந்தம் ஆசைநாயகி உறவாகிறது. அவள் பேராசைக்காரி ஆகிறாள். செத்தவர்கள் வெள்ளைக்காரத் தாயும் பிள்ளைகளும். தண்டனை தந்தவர்களும் அடிமைகளே. எஜமானனுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இதன் பக்கத்தில் வைக்க ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. மிசூரியில் ராபர்ட் நியூசம் என்பவர் 1850-ல் சுமார் 14 வயதான சீலியாவை விலைக்கு வாங்கி, தொடர்ந்து வல்லுறவு செய்தார். 1855 ஜூனில் சீலியா அவரைத் தடியால் அடித்துக் கொன்றார். பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகத் தொடுவது குற்றம் என்ற மாநிலச் சட்டம் அடிமையான சீலியாவையும் காக்கும் என்று அவருடைய வக்கீல்கள் வாதிட்டார்கள். நீதிபதி அதை ஜூரியிடம் சொல்ல மறுத்தார். அந்த டிசம்பரில் சீலியா தூக்கிலிடப்பட்டார். வழக்குப் பதிவுகள் இருக்கின்றன. குளோயிக்கு ஆவணம் இல்லை, சுற்றுலா உண்டு; சீலியாவுக்கு ஆவணம் உண்டு, தெருவில் நின்று அவர் கதையைக் கேட்கக் கூட்டம் கூடுவதில்லை.

நியூ ஆர்லியன்ஸின் லாலோரி மாளிகை வேறு ரகம். அங்கே கொடுமை நிஜம். 1834 ஏப்ரல் 10 அன்று ராயல் தெருவில் டெல்ஃபீன் லாலோரி என்ற பணக்காரப் பெண்ணின் வீட்டில் தீப்பிடித்தது. அணைக்க உள்ளே போனவர்கள் சித்திரவதைக்குள்ளாகிச் சங்கிலியில் கிடந்த அடிமைகளைக் கண்டார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்தது. கூட்டம் வீட்டைச் சூறையாடியது. அவர் பாரிசுக்குத் தப்பினார். இன்றைய சுற்றுலா சொல்லும் கொடூர விவரங்கள் பலவும் 1834 செய்தியில் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பேய்க் கதைத் தொகுப்பில் புகுந்தவை. இப்போது நிற்கும் கட்டடமும் பிற்பாடு திரும்பக் கட்டியது. லாலோரி ஓர் அரக்கி, விதிவிலக்கு என்று ஆக்கிவிட்டால், சட்டப்படி அமைதியாக அடிமைகளை வைத்திருந்த பக்கத்து வீடுகள் எல்லாம் நல்ல வீடுகள் ஆகிவிடுகின்றன. கதைக்குள் இருக்கும் வேலை அது.

ஆவியின் பெயரால் பேசியவர்கள்

பெண் பேயாவது ஒரு பக்கம். பேயைப் பிடித்துக்கொண்டு பெண்கள் மேடை ஏறியது இன்னொரு பக்கம். 1848 மார்ச் 31 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில், மேகி, கேட் ஃபாக்ஸ் என்ற சிறுமிகள் வீட்டில் தட்டும் ஓசைகள் கேட்டன. ஆவி பதில் சொல்கிறது என்றார்கள். அதே மாநிலத்தின் செனிகா ஃபால்ஸில் நான்கு மாதம் கழித்து ஜூலையில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அதன் அறிக்கையில் கையெழுத்திட்ட ஏமி போஸ்ட்தான் ரோசெஸ்டரில் ஃபாக்ஸ் சகோதரிகளை ஆதரித்தவரும்.

இது தற்செயல் மட்டும் இல்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் பெண் பேசுவது அன்றைக்கு அவமானம். மயக்க நிலையில் ஆவி அவள் வாயால் பேசினால் அந்தத் தடை பொருந்தாது. கோரா ஸ்காட் போன்ற பதின்வயதுப் பெண்கள் இப்படியே ஆயிரக்கணக்கானோர் முன் சமயமும் அரசியலும் பேசினார்கள். 1870-ல் வால் ஸ்ட்ரீட்டில் தங்கையோடு பங்குத் தரகு நிறுவனம் தொடங்கி, 1872-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற விக்டோரியா உட்ஹல்லும் ஆவியுலக நம்பிக்கையாளர். இறந்தவர்களோடு பேசலாம் என்று நம்பிய அந்த இயக்கத்தின் தேசியச் சங்கத்துக்குத் தலைவியாகவும் இருந்தார். நடுவே உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்; உடல்கூட வீடு திரும்பாத மகன்களோடு பேசத் துடித்த தாய்மார்கள் இந்தக் கூட்டங்களை நிரப்பினார்கள். மகன் வில்லியை இழந்த மேரி லிங்கன் வெள்ளை மாளிகையிலேயே ஆவி அழைக்கும் அமர்வுகள் நடத்தினார். 1888 அக்டோபரில் மேகி ஃபாக்ஸ், கால்விரல் மூட்டைச் சொடுக்கிச் செய்த ஏமாற்று அது என்று நியூயார்க் மேடையில் செய்து காட்டி ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே அதை மறுத்தார். நம்பிக்கை பொய்யானாலும், அதன் மறைவில் நாற்பதாண்டு பெண்கள் பேசிப் பழகியது பொய்யாகாது.

நீங்களே ஒரு கதையைப் பிரித்துப் பார்க்க

முதலில் கதையைக் கேட்டபடி எழுதி, சரிபார்க்கக்கூடிய துண்டுகளாக உடையுங்கள்: பெயர், ஆண்டு, முகவரி, உறவினர், சாவுக்குக் காரணம். வெள்ளை உடை, அழுகுரல், குளிர்ந்த காற்று போன்றவை எல்லாக் கதைக்கும் பொது, அவற்றை விட்டுவிடலாம்.

பிறகு, அச்சில் வந்த மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ‘குரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் பழைய பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மணமான பெண்ணை அவர் பெயரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ‘திருமதி’யோடு கணவரின் முழுப்பெயரைப் போட்டுத் தேட வேண்டும். பழைய அச்சை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும். ஆகவே எழுத்து மாற்றிப் பலமுறை தேடுங்கள். சம்பவத்துக்கும் முதல் பேய்க் கதைக்கும் நடுவில் பல பத்தாண்டு இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியின் முடிவில் அந்த வீட்டை யார் வாங்கினார், எப்போது விடுதியாகவோ அருங்காட்சியகமாகவோ ஆனது என்று பாருங்கள்.

வீட்டின் வயதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பேயைவிட வீடு இளையதாக இருப்பது அடிக்கடி நடக்கும். பத்திரப் பதிவுகளும், 1867 முதல் வந்த சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களும் இதற்கு உதவும். தெருக்களின் வீட்டு எண்கள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய எண்ணை இன்றைய எண்ணாக எடுத்துக்கொண்டால் வேறு குடும்பத்தின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடிமைப் பெண்கள் என்றால் கணக்கெடுப்பை நம்பாமல், எஜமானன் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலுக்குப் போங்கள். கட்டில், மாடு, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே பெயரும் வயதும் டாலர் மதிப்பும் இருக்கும். படிக்கக் கஷ்டமான தாள்தான், ஆனால் பெயர் கிடைக்கும் இடம் அது.

ஒரே குடும்பப்பெயர் கொண்ட இரண்டு பெண்களை ஒருவராக்கிவிடுவது நிபுணர்களுக்கே நேர்ந்திருக்கிறது. சேலத்தில் முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப், சாராயக்கடை நடத்திய பகட்டுக்காரி என்று தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். கடை நடத்தியது சாரா பிஷப் என்ற வேறொரு பெண். 1980-களில்தான் இந்தக் குழப்பம் பிரித்துக் காட்டப்பட்டது. சுற்றுலாக்களில் பழைய பிரிட்ஜெட் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

கடைசியாக, அந்த வீட்டில் இருந்தும் கதையில் இடம்பெறாதவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கில் 1832-ல் கட்டப்பட்ட மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் இதற்கு நல்ல பயிற்சி. அங்கே உலவுவது கெர்ட்ரூட் டிரெட்வெல் என்பார்கள். 1840-ல் அந்த வீட்டில் பிறந்து 1933-ல் அங்கேயே இறந்தவர். அப்பா தடுத்த காதலால் மணமாகாமல் போனவர் என்பது கதை. ஆனால் அவர் அக்காக்களில் மூவரும்கூட மணமாகாமலே அங்கே வாழ்ந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே காதல் தோல்வி காரணமாக இருக்க முடியாது. அதே வீட்டின் நான்காவது மாடியில், அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண்கள் தலைமுறையாகத் தங்கி, கரியும் தண்ணீரும் சுமந்து மாடிப்படி ஏறினார்கள். 1850-க்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் அவர்களுடைய பெயர், வயது, பிறந்த நாடு மூன்றும் உண்டு. டிரெட்வெல் என்ற பெயருக்குக் கீழே, அதே வீட்டாரின் பட்டியலில் தேடினால் போதும்.